பன்னிரண்டு ரூபாய் புரோட்டாவில் யாருக்கு எவ்வளவு?

அத்தியாயம் 5: விலைப்பலகைக்குப் பின்னால் உள்ள கணக்கு

மேலப்பாளையம், பேட்டை, டவுண் ரத வீதிகள், ஜங்ஷன், அந்தப் பக்கம் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, பாவூர்சத்திரம், தென்காசி என்று தாமிரபரணிக் கரையிலும் அதைச் சுற்றியும் எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் ஆறு மணிக்குப் புரோட்டாக் கல் காய ஆரம்பித்துவிடும். பீடி சுற்றி முடித்த கையோடு பிள்ளைகளுக்குப் பார்சல் வாங்க வருகிற பெண்கள், லோடு இறக்கிவிட்டு வருகிறவர்கள், கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், விடுதிப் பையன்கள் எல்லோருக்கும் நாற்பது ரூபாய்க்குள் மூன்று புரோட்டாவும் கேட்கிற அளவு சால்னாவும் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் சிறு கடை போட நினைப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது புரோட்டாக் கடை. கூட்டம் நிற்கிறது, கல்லா ஓயாமல் திறக்கிறது, லாபம் கொட்டும் என்று தோன்றுகிறது.

ஆனால் கூட்டம் நின்ற கடைகள்கூட ஒரு வருடத்துக்குள் கல்லை விற்றுவிட்டுப் போவதை நம் ஊரில் பார்க்கிறோம். விற்பனை குறைந்து மூடுபவர்களைவிட, விற்பனை இருந்தும் கணக்குத் தெரியாமல் மூடுபவர்களை நினைத்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். மலிவாக விற்பதில் தவறு எதுவும் இல்லை. மலிவின் சுமை யார் தலையில் விழுகிறது என்று தெரிந்து விற்க வேண்டும். தெரியாவிட்டால் அது மூன்று பேரில் ஒருவர் தலையில் விழும்: உங்கள் தலையில், உங்களிடம் வேலை செய்பவர் தலையில், அல்லது சாப்பிடுகிறவர் உடம்பில்.

மாதிரிக் கடை

ஒரு மாதிரிக் கடையை வைத்துக் கணக்குப் பார்ப்போம். சாயங்காலம் ஆறு முதல் இரவு பதினொன்று வரை வியாபாரம். நாளுக்கு 20 கிலோ மைதா. மாதம் 27 நாள் கடை திறக்கும். கீழே உள்ள விலைகள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலை ஏறக்குறைய இருக்கலாம். பென்சிலை எடுத்து உங்கள் எண்ணைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். கணக்கின் போக்கு மாறாது.

ஒரு கிலோ மைதாவுக்கு, உருண்டையின் எடையைப் பொறுத்து, ஏறக்குறைய 20 புரோட்டா வரும். ஆக நாளுக்கு 400 புரோட்டா. விலை 12 ரூபாய்.

ஒரு நாள் செலவு:

- மைதா 20 கிலோ, கிலோ 42 ரூபாய்: 840
- பிசைய, ஊறவைக்க, கல்லில் விட எண்ணெய் 4 லிட்டர், லிட்டர் 130 ரூபாய்: 520
- உப்பு, சீனி முதலியன: 60
- சால்னா (வெங்காயம், தக்காளி, தேங்காய், பொரிகடலை, மசாலா, எண்ணெய், கோழி எலும்பு): 1,050
- கேஸ் (19 கிலோ சிலிண்டர் 1,860 ரூபாய், மூன்று நாள் வரும்): 620
- கூலி (புரோட்டா மாஸ்டர் 1,000, சப்ளையர் 600, பாத்திரம் கழுவுபவர் 400): 2,000
- வாடகை, கரண்ட், நாள் பங்கு: 400
- இலை, பேப்பர், தண்ணீர், பார்சல் சாமான்: 250

மொத்தம் 5,740 ரூபாய்.

புதிதாகக் கடை போடுகிறவர் போடும் கணக்கு முதல் நான்கு வரியோடு நின்றுவிடும். மாவு, எண்ணெய், உப்பு, சால்னா எல்லாம் சேர்த்து ஒரு புரோட்டாவுக்கு 6 ரூபாய் சொச்சம்தான் ஆகிறது. 12 ரூபாய்க்கு விற்கிறோம். பாதிக்குப் பாதி லாபம் என்று மனம் குதிக்கும். மீதி நான்கு வரிகளையும் சேர்த்து 400 ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு புரோட்டாவின் அடக்கவிலை 14 ரூபாய் 35 காசு. அதில் மைதாவின் பங்கு 2 ரூபாய் 10 காசுதான். கூலியின் பங்கு 5 ரூபாய். வாடிக்கையாளர் காசு கொடுக்காமல் வாங்கிக்கொள்வதாக நினைக்கும் சால்னாவின் பங்கு மைதாவையும் தாண்டி 2 ரூபாய் 60 காசுக்கு மேல் போகிறது.

பத்து புரோட்டா கருகியும் கிழிந்தும் போனது என்று வைத்து, 390 புரோட்டா விற்றால் கல்லாவில் விழுவது 4,680 ரூபாய். செலவு 5,740. புரோட்டாவும் சால்னாவும் மட்டும் விற்கும் கடைக்குக் கூட்டம் அலைமோதிய நாளிலும் 1,060 ரூபாய் நஷ்டம். கூலி, வாடகை, கேஸ் எல்லாவற்றையும் புரோட்டா மேலேயே ஏற்றியிருக்கிறோம் என்று நீங்கள் சொல்லலாம். வேறு எதுவும் விற்காத கடையில் அப்படித்தான் ஏறும். சுமக்க வேறு ஆள் இல்லை.

கல்லாவை நிரப்புவது எது?

அப்படியானால் கடைகள் எப்படி நடக்கின்றன? புரோட்டாவுக்குப் பக்கத்தில் வருகிற சாமான்களால். செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டர் கடைகளுக்குக் குற்றால சீசனில் வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்களைக் கவனியுங்கள். போவது பார்டர் புரோட்டா சாப்பிட என்று சொல்வார்கள். இலையில் புரோட்டாவோடு கோழியும் காடையும் வந்து உட்கார்ந்திருக்கும். பில்லில் புரோட்டாவின் பங்கு சிறியது. ஆளை இழுப்பது புரோட்டா, கல்லாவை நிரப்புவது பக்கத்துச் சாமான்.

நம் மாதிரிக் கடையில் அதை எண்ணாகப் பார்ப்போம். 400 புரோட்டாவில் 330 அப்படியே விற்கிறது. 60 புரோட்டா 30 தட்டு கொத்து புரோட்டாவாகப் போகிறது. 10 வீண்.

- புரோட்டா 330 × 12: வரவு 3,960
- கொத்து புரோட்டா 30 × 80: வரவு 2,400, முட்டை, வெங்காயம், மசாலா, எண்ணெய்க்குக் கூடுதல் செலவு 480
- ஆம்லெட், ஆஃப்பாயில், கலக்கி 80 × 15: வரவு 1,200, செலவு 640
- பொரித்த கோழி 45 தட்டு × 60: வரவு 2,700, செலவு 1,350

மொத்த வரவு 10,260. மொத்தச் செலவு 8,210. மீதி 2,050 ரூபாய்.

இரண்டு புரோட்டாவைச் சால்னாவோடு விற்றால் சரக்குச் செலவு போக 12 ரூபாய்கூட மிஞ்சாது. அதே இரண்டைக் கொத்திக் கொடுத்தால் 50 ரூபாய்க்கு மேல் மிஞ்சுகிறது. ஒரு தட்டுக் கோழியில் 30 ரூபாய், ஒரு ஆம்லெட்டில் 7 ரூபாய். எனவே நீங்கள் தினமும் எண்ண வேண்டியது எத்தனை புரோட்டா விற்றது என்பதைவிட, எத்தனை பேர் புரோட்டாவோடு இன்னொன்றும் வாங்கினார்கள் என்பதை.

அமெரிக்க பர்கர் கடைகளும் இதே வழியில்தான் நடக்கின்றன. அங்கே ஆளை இழுப்பது பர்கர்; மிஞ்சுவது சிரப்பும் தண்ணீரும் கலந்த குளிர்பானத்திலும் உருளைக்கிழங்கு வறுவலிலும். நம் கடையில் குளிர்பானம் அந்த வேலையைச் செய்யாது. பாட்டில் பானத்துக்கு விலை அதன் மேலேயே அச்சாகி வருகிறது. கம்பெனி விட்டுக்கொடுக்கும் ஓரிரு ரூபாய்தான் நமக்கு. கடையில் தயாராகும் சாமானில்தான் நம் பிழைப்பு.

ஒரு எச்சரிக்கையும் இதிலேயே இருக்கிறது. புரட்டாசியிலும், கார்த்திகை மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போடும் காலத்திலும் கோழி படுத்துவிடும். கோழி அறவே விற்காவிட்டால் நாளுக்கு 1,350 ரூபாய் மிச்சம் போய், 2,050 என்பது 700 ஆகிவிடும். காலிபிளவர் சில்லி, காளான், வெஜ் கொத்து என்று அந்த மாதங்களுக்கு வேண்டிய பட்டியலை ஆவணியிலேயே பழக்கிவிடுங்கள்.

மீதி 2,050 யாருடையது?

இந்த 2,050 ரூபாயை லாபம் என்று எழுதிவிடாதீர்கள். மதியம் நயினார்குளம் மார்க்கெட்டுக்கோ பாவூர்சத்திரம் சந்தைக்கோ போய்க் காய் எடுத்து, சால்னா கூட்டி, கல்லாவில் உட்கார்ந்து, நடுராத்திரி கடை கழுவிப் பூட்டுகிற உங்கள் உழைப்புக்குக் கூலி உண்டு. வேறொருவரை வைத்தால் எவ்வளவு கொடுப்பீர்களோ அதை எழுதுங்கள். மாதிரிக் கணக்கில் 900 ரூபாய் வைக்கிறேன். கல், அடுப்பு, மேஜை, ஃபிரிட்ஜ் தேய்மானத்துக்கு 200. அட்வான்சாகக் கொடுத்த பணத்துக்கும் போட்ட முதலுக்கும் வட்டி 150. போக மிஞ்சுவது 800 ரூபாய். நூறு ரூபாய் விற்பனையில் உண்மையான லாபம் 8 ரூபாய்க்கும் குறைவு.

இதையே இன்னொரு விதமாகச் சொன்னால் கடையை நடத்த எளிது. இந்தக் கடையில் கூலி, வாடகை, கேஸ் மூன்றும் சேர்ந்து 3,020 ரூபாய். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அது போகும். 100 ரூபாய் விற்றால் சரக்குச் செலவு போக 49 ரூபாய் சொச்சம் நிற்கிறது. ஆக, நாளின் முதல் 6,100 ரூபாய் விற்பனை மற்றவர்களுக்கு. அதிலிருந்து 8,640 வரை உங்கள் கூலி, தேய்மானம், வட்டி. அதற்கு மேல் விற்பதில்தான் லாபம் தொடங்குகிறது. இந்த இரண்டு எண்களையும் உங்கள் கடைக்குக் கணக்குப் போட்டுக் கல்லாப் பெட்டியின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். மழை பெய்து விற்பனை நாலில் ஒரு பங்கு குறைந்தால் மிஞ்சுவது 780 ரூபாய்தான், உங்கள் கூலிக்கே பற்றாது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

உருண்டையின் எடை

கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தராசை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நில்லுங்கள். மாஸ்டர் மாவைப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி உருண்டை பிடிக்கிறார். எண்ணெயில் புரண்டு பளபளக்கும் உருண்டைகள் தட்டில் வரிசையாக உட்காருகின்றன. ஆரம்பத்தில் பிடித்த உருண்டை ஒன்றையும் அவசரத்தில் கடைசியாகப் பிடித்த ஒன்றையும் நிறுத்துப் பாருங்கள். ஒன்று 80 கிராம், இன்னொன்று 90 கிராம் இருக்கும். கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. வீசி அடித்து, சுருட்டி, கல்லில் போட்டு, நாலைந்தை அடுக்கி இரு பக்கமும் தட்டி இலையில் வைத்தால் சாப்பிடுகிறவருக்கும் தெரியாது.

20 கிலோ மைதா, தண்ணீர், எண்ணெய் எல்லாம் சேர்ந்து 33 கிலோ மாவு. 80 கிராம் உருண்டையானால் 412 வரும். 90 கிராமானால் 366. வித்தியாசம் 46 புரோட்டா, நாளுக்கு 550 ரூபாய். உங்கள் மொத்த லாபம் 800 ரூபாய் என்பதை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

உருண்டையைச் சிறிதாக்கச் சொல்லி இதை எழுதவில்லை. 80 என்றால் 80, 90 என்றால் 90. எதுவானாலும் ஒன்றாக இருக்கட்டும், விலை அதற்கேற்றபடி இருக்கட்டும். எடையைக் கமுக்கமாகக் குறைப்பவர்களை மூன்று புரோட்டாவில் வயிறு நிறையாத வாடிக்கையாளர் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். மாஸ்டரிடம் தராசைக் காட்டிச் சண்டை போடவும் வேண்டாம். இருபது உருண்டைக்கு ஒருமுறை ஒன்றை நிறுத்துப் பார்ப்பதை அவரே பழக்கமாக்கிக்கொள்ளும்படி மரியாதையாகச் சொல்லுங்கள். தொழில் தெரிந்த மாஸ்டருக்குக் கை ஒரு வாரத்தில் படிந்துவிடும்.

எந்த விலை ஏறினால் எவ்வளவு அடி?

மைதா மூட்டை விலை ஏறியதும் கடைக்காரர்கள் பதறுகிறார்கள். 50 கிலோ மூட்டைக்கு 100 ரூபாய் ஏறினால் நம் கடைக்கு நாளுக்கு 40 ரூபாய் அதிகம். ஒரு புரோட்டாவுக்குப் பத்துக் காசு. வலிக்கும் இடங்கள் வேறு.

எண்ணெய். புரோட்டாக் கடைகளில் பெரும்பாலும் ஓடுவது பாமாயில். அது கடல் கடந்து வருகிறது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோதும், 2024 செப்டம்பரில் மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை உயர்த்தியபோதும் அதன் சூடு நம் ஊர்க் கல் வரைக்கும் வந்தது. பொரிப்பதற்கும் சேர்த்து நாளுக்கு 6 லிட்டர் என்றால், லிட்டருக்கு 20 ரூபாய் ஏறும்போது 120 ரூபாய் போகும்.

தக்காளி. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். 30 ரூபாயில் வாங்கிய 4 கிலோவை 100 ரூபாயில் வாங்கினால் நாளுக்கு 280 ரூபாய். மைதா ஏற்றத்தைப் போல ஏழு மடங்கு. அத்தகைய வாரங்களில் தக்காளியைக் குறைத்துக் கொஞ்சம் புளியும் கூடுதல் வெங்காயமும் சேர்த்து நிற்கிற சால்னா ஒன்றை முன்கூட்டியே பழகி வையுங்கள். தண்ணீரை ஊற்றி நீட்டிய சால்னாவை மட்டும் வைக்காதீர்கள். "அண்ணாச்சி, சால்னா ஏன் இப்படி இருக்கு?" என்று ஒருவர் கேட்டால், கேட்காமல் போனவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள்.

முட்டை விலை நாமக்கல்லை ஒட்டித் தினமும் அறிவிக்கப்படுகிறது. வணிக சிலிண்டர் விலை பொதுவாக மாதத்தின் முதல் தேதியில் மாறுகிறது. இரண்டையும் நோட்டில் குறித்து வந்தால், எந்த மாதம் லாபம் எங்கே கசிந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மிச்சம் பிடிக்கக் கூடாத மூன்று இடங்கள்

முதலாவது, பொரித்த எண்ணெய். ஒரு லிட்டரைக் கொட்டாமல் மறுநாளும் ஓட்டினால் 130 ரூபாய் மிஞ்சும். உருண்டை எடையைச் சீராக்கினால் அதைப்போல நான்கு மடங்கு மிஞ்சும். பிறகு ஏன் ஊராருடைய உடம்பில் மிச்சம் பிடிக்க வேண்டும்? பலமுறை காய்ந்த எண்ணெயில் சேரும் துருவப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. கருவி இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும்: நிறம் கறுக்கும், நுரை அடங்காது, சூடேறும் முன்னே புகையும். அப்படி ஆனதைச் சாக்கடையில் கொட்டினால் அதுவும் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகும். பழைய எண்ணெயை பயோடீசலுக்கு வாங்கிக்கொள்ள, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஏற்பாட்டில் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். கேனில் சேர்த்து அவர்களுக்கே கொடுங்கள்.

இரண்டாவது, கூலி. ஐந்து மணி நேரம் கல்லின் அனலில் நின்று தோள் வலிக்க மாவு அடிப்பவர் மாஸ்டர். 400 புரோட்டா என்றால் 400 முறை வீசுகிறார். அவர் ஒருநாள் வராவிட்டால் கடை திறக்காது. அன்றைக்கு வாடகை மட்டும் ஓடும். கூலியில் நூறு ரூபாய் குறைத்துப் பிடித்த ஆள், பக்கத்துக் கடைக்காரர் நூற்றைம்பது கூடக் கொடுத்தால் போய்விடுவார். முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடும் வழக்கம் தொழிலில் உண்டு. முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் வைப்பது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். கொடுத்ததையும் கழித்ததையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். மேஜை துடைக்க, இலை எடுக்க 14 வயது நிரம்பாத பிள்ளைகளை வைப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. அப்படி மிஞ்சுகிற 400 ரூபாய் நமக்கு வேண்டாம்.

மூன்றாவது, சிலிண்டர். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் மாட்டுவது சட்டத்துக்கும் விரோதம், ஆபத்தும்கூட. சிலிண்டர் செலவைக் குறைக்க வழி அடுப்பிலேயே இருக்கிறது: பர்னரைச் சுத்தம் செய்து நீலச் சுடர் வரவைப்பது, கல்லைச் சுற்றித் தகரத் தடுப்பு வைப்பது, ஆர்டர் இல்லாத நேரத்தில் தீயைத் தணிப்பது.

பதிவும் வரியும்

சிறு கடைதானே என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாளுக்கு 10,260 ரூபாய், மாதம் 27 நாள் என்றால் ஆண்டு விற்பனை 33 லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. லாபம் சிறியதானாலும் சட்டம் பார்ப்பது விற்பனையை.

உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரிக்கான எளிய பதிவுக்கு 2011 விதிகள் வைத்த வரம்பு ஆண்டுக்கு 12 லட்சம். அதற்கு மேல் உரிமம் வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் வரம்பு எவ்வளவு என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு, உணவகம் போன்ற சேவைக்கு 20 லட்சத்துக்கு மேல் கட்டாயம். உணவக வரி 5 சதவீதம். அதை பில்லில் தனியாகப் போட்டு வாங்கிக் கட்டலாம். ஜி.எஸ்.டி.யின் தொகுப்பு முறையில் (காம்போசிஷன்) சேர்ந்தால் கணக்கு எளிது. ஆனால் வாடிக்கையாளரிடம் வரி வாங்க முடியாது, உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். 10,260-க்கு 5 சதவீதம் 513 ரூபாய். 800 ரூபாய் லாபம் 287 ஆகிவிடும். விலைப்பலகை எழுதுவதற்கு முன்பே இதைத் தீர்மானிக்க வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு தீர்மானித்தால் கடந்த வருட வரியைக் கட்டப் பணம் இருக்காது.

பார்சலுக்கு ஒரு வார்த்தை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தூக்குச்சட்டி கொண்டுவருகிறவருக்கு ஒரு கரண்டி சால்னா கூட ஊற்றுங்கள். டப்பா வாங்குவதைவிட அது மலிவு. இலைக்குக் குறைவில்லாத வாழைப் பூமி நம்முடையது.

பிராஞ்சைஸ் எடுக்கலாமா?

வண்ணார்பேட்டை, பெருமாள்புரம் பக்கம் ஷவர்மா, வறுத்த கோழி, பர்கர், சாண்ட்விச் கடைகள் பெருகிவருகின்றன. பெயர்ப்பலகையைத் தருகிறோம், பணம் போடுங்கள் என்று பலர் அழைக்கிறார்கள். கையெழுத்துப் போடுமுன் சப்வே கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவில் சப்வே நிறுவனம் 2008-ல் ஓரடி நீள சாண்ட்விச்சை ஐந்து டாலருக்கு நாடெங்கும் விற்றது. கூட்டம் குவிந்தது. கடைக்காரர்கள் தலைமை நிறுவனத்துக்குக் கட்டியது விற்பனையில் 8 சதவீத ராயல்டி, அதோடு 4.5 சதவீத விளம்பரப் பங்கு. இரண்டும் விற்பனை மேல்; லாபத்தின் மேல் அல்ல. எனவே விலையைக் குறைத்துக் கூட்டம் சேர்த்தால் தலைமைக்கு எப்படியும் வருமானம். ரொட்டி, இறைச்சி, கூலி, வாடகை ஏறிய சுமை முழுதும் கடைக்காரருக்கு. 2017 கடைசியில் அதே மலிவு விலையை மறுபடி கொண்டுவர முயன்றபோது பல நூறு கடைக்காரர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள்.

அந்த 12.5 சதவீதத்தை நம் மாதிரிக் கடையில் போட்டுப் பாருங்கள். 1,282 ரூபாய் போய், 2,050-ல் மிஞ்சுவது 768. உங்கள் ஒருநாள் கூலியான 900 ரூபாய்க்கும் கீழே. ஆகவே மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பங்கு விற்பனை மீதா, லாபத்தின் மீதா? சரக்கை அவர்களிடமே வாங்க வேண்டுமா, சந்தை விலையைவிட எவ்வளவு கூடுதல்? சலுகை விலையைத் தீர்மானிப்பவர் யார், அதன் நஷ்டம் யாருக்கு? உணவு செயலிகளின் கமிஷனுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். கடை விலையிலேயே செயலியிலும் விற்றால் கையைக் கடிக்கும்.

சாண்ட்விச், ஷவர்மா போடுகிறவர்களுக்கு இன்னொன்று. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் வெயிலில் அதை வெளியே வைத்து விற்பது விஷப்பரீட்சை. முட்டையில்லா மயோனைஸுக்குச் சில ரூபாய் கூடுதலாகும், ஆகட்டும்.

தண்டல் வேண்டாம்

9,000 ரூபாய் கையில் கொடுத்து, 100 நாளுக்குத் தினம் 100 ரூபாய் வசூலிக்கும் தண்டல் வியாபாரிகளுக்கு வசதியாகத் தெரியும். கடன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சதவீத வட்டி. லாபமே நூற்றுக்கு எட்டு ரூபாய் நிற்காத தொழில் இதைத் தாங்காது. கந்துவட்டியைத் தடுக்க 2003 முதல் தனிச் சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்திலேயே ஒரு குடும்பம் தீயில் கருகியதை இந்த ஊர் மறக்கவில்லை. தள்ளுவண்டி, நடைபாதைக் கடை என்றால் 2020-ல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி கடனை மாநகராட்சி அல்லது நகராட்சி வழியாகக் கேளுங்கள். கட்டிடத்தில் கடை என்றால் வங்கியில் முத்ரா கடன். அலைச்சல் இருக்கும், அதை ஒரு தடவை பட்டால் போதும்.

சேமிப்பையும் செலவாகவே எழுதுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி ஜங்ஷனும் கொக்கிரகுளமும் மூழ்கியபோது, மூட்டை மாவு நனைந்த கடைக்காரர் கையில் ஒரு மாத வாடகையும் கூலியும் இருந்ததா என்பதே அவர் மறுபடி கடை திறப்பாரா என்பதைத் தீர்மானித்தது. நாளுக்கு 100 ரூபாய் ஒதுக்கினால் வருடத்தில் 32,400 ரூபாய் சேரும்.

விலையை எப்படி ஏற்றுவது?

முன்பெல்லாம் சில்லறைத் தட்டுப்பாட்டால் விலை 10-லிருந்து நேரே 15-க்குத் தாவும்; அதற்குப் பயந்து கடைக்காரர் மாதக்கணக்கில் நஷ்டத்தில் விற்பார். இப்போது பாதிக் காசு போனில்தான் வருகிறது. 12-ஐ 13 ஆக்குவதில் சிரமமில்லை. அந்த ஒரு ரூபாய் 330 புரோட்டாவுக்கு நாளுக்கு 330 ரூபாய், மாதம் 8,910. ஒரு வாரம் முன்பே பலகையில் எழுதிவையுங்கள். கேட்பவரிடம் எண்ணெய் விலையையும் கூலியையும் சொல்லுங்கள். எண்ணெயைக் கறுக்கவிட்டு விலையை நிறுத்திவைக்கும் கடையைவிட, காரணம் சொல்லி ஒரு ரூபாய் ஏற்றும் கடையை நம் ஜனங்கள் மதிப்பார்கள்.

இரண்டு புரோட்டாவும் சால்னாவும் மட்டும் வாங்கிப் போகிறவரை ஒருபோதும் முகம் சுளித்து அனுப்பாதீர்கள். அவருக்கு நீங்கள் கொடுப்பது அடக்கவிலைக்கும் கீழே. கோழி வாங்குகிறவரின் இலையிலிருந்து அது ஈடாகிறது. கணக்குத் தெரிந்து, இதுவரைக்கும் என்னால் முடியும் என்று அளந்து கொடுப்பவரால் வருடக்கணக்கில் கொடுக்க முடியும்.

தினமும் ஒரு பக்கம்

கடை பூட்டுமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்:

1. எத்தனை கிலோ மாவு, எத்தனை புரோட்டா, எத்தனை வீண்.
2. கொத்து, முட்டை, கோழி: ஒவ்வொன்றிலும் எத்தனை தட்டு.
3. ரொக்கம் எவ்வளவு, போனில் வந்தது எவ்வளவு. இரண்டையும் கூட்டினால் தட்டுக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும்.
4. சரக்கு, கூலி, கேஸ், வாடகைப் பங்கு, உங்கள் கூலி, தேய்மானம், வட்டி, வரிக்கு ஒதுக்கியது, சேமிப்பு.
5. எண்ணெய் எப்போது மாற்றியது.
6. பாக்கி: யார் நமக்கு, நாம் யாருக்கு.

மூன்று மாதம் விடாமல் எழுதினால், எந்தக் கிழமை மாவைக் குறைக்க வேண்டும், எந்தத் தட்டின் விலை தவறு, இரண்டாவது கல் போடும் நேரம் வந்துவிட்டதா என்ற மூன்று கேள்விக்கும் அந்த நோட்டிலேயே பதில் இருக்கும். அந்தப் பதில் வராமல் இரண்டாவது கிளைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.